ஒரு உறைக்குள் ஒரு கத்தி
(டேட்டாபேஸில் "ஒன்று மட்டுமே நடப்பு" என்ற விதியை அமைப்பது எப்படி?)

– மூன்றாம் ஆண்டு மாணவர், கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு



ஒரு உறைக்குள் இரண்டு கத்தி இருக்க முடியாது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ப்ராஜெக்ட் ஒர்க்கில் டேபிள் போடும்போது நமக்கும் இந்தப் பிரச்சினை வருகிறது. ரெக்கார்டு எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் "நடப்பில்" இருக்க வேண்டும். இந்த விதியை டேட்டாபேஸுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் இந்தக் கட்டுரை. பாடப் புத்தகத்தில் இதற்குத் தனி அத்தியாயம் கிடையாது. ஆனால் வைவா நேரத்தில் வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் கேட்கக்கூடிய கேள்வி இது. அதற்கும் மேலாக, நம் வீட்டுப் பணம் வரைக்கும் வந்து நிற்கிற விஷயம் இது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1. நம் ஊரிலிருந்தே ஓர் உதாரணம்

போடிநாயக்கனூர் என்றால் ஏலக்காய். போடிமெட்டுக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு என்று விரிந்து கிடக்கிற ஏலமலையில் விளைகிற காய், ஸ்டோரில் காய்ந்து, சல்லடையில் சலித்துத் தரம் பிரித்து, கடைசியில் ஏலத்துக்கு வருகிறது. ஏலக்காய் வாரியத்தையும் நறுமணப் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகத்தையும் சேர்த்து 1987 பிப்ரவரியில் மத்திய அரசு அமைத்த நறுமணப் பொருள் வாரியம் (ஸ்பைசஸ் போர்டு) இந்த ஏலத்தை ஒழுங்குபடுத்துகிறது. முன்பெல்லாம் ஏலதாரர் வாயால் விலை கூவுவார். 2007-இல் மின்னணு ஏலம் வந்தது. போடியிலும், இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள்.

ஏலத்துக்கு வரும் காய் "லாட்" என்று எண் போட்டு வரிசையாக இருக்கும். ஒரு நாளில் எத்தனையோ லாட் வரும். ஆனால் ஒரு நேரத்தில் திரையில் இருப்பது ஒரே ஒரு லாட். அது முடிந்த பிறகுதான் அடுத்தது.

இப்போது இப்படி ஒரு நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

லாட் 41 – 320 கிலோ – நிலை: நடப்பு
லாட் 42 – 180 கிலோ – நிலை: நடப்பு

ஒரு வியாபாரி பட்டனை அழுத்தி விலையை ஏற்றுகிறார். அந்த விலை எந்த லாட்டுக்கு? 41-க்கா, 42-க்கா? கிலோவுக்கு நூறு ரூபாய் மாறினால் 320 கிலோவுக்கு 32,000 ரூபாய். 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனதை நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்த மாதிரிச் சமயத்தில் ஒரு ரெக்கார்டு கூடுதலாக "நடப்பு" என்று நின்றுவிட்டால் ஒரு சிறு விவசாயியின் ஒரு வருஷ உழைப்பு குழம்பிப்போகும்.

2. ரயில்வே கண்டுபிடித்த பழைய வழி

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இதே பிரச்சினைக்கு ரயில்வே ஒரு வழி கண்டது. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் நேருக்கு நேர் மோதல்தான். இதற்காக நம் நாட்டு ஒற்றைப் பாதைகளில் "நீல் டோக்கன்" என்ற கருவி வெகுகாலம் பயன்பட்டது. இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு பெட்டி இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு பெட்டியிலிருந்து ஒரு டோக்கன் பந்தை வெளியே எடுத்துவிட்டால், அது திரும்பவும் இரண்டில் ஏதாவது ஒரு பெட்டிக்குள் போகும் வரை வேறு டோக்கன் வெளியே வராது. டிரைவர் கையில் டோக்கன் இல்லாமல் வண்டி நகராது.

1928-இல் மதுரை – போடி ரயில் பாதை போடப்பட்டது. 2010 டிசம்பர் கடைசியில் மீட்டர் கேஜ் நின்றது. 2023 ஜூன் 15-இல் அகலப் பாதையில் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. அதைப் பார்க்கப் போனபோது ஒற்றைத் தண்டவாளத்தைக் கவனித்தவர்களுக்கு நான் சொல்வது நன்றாகப் புரியும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. "ஸ்டேஷன் மாஸ்டர் ஞாபகமாக இருந்துகொள்ளட்டும்" என்று ரயில்வே விட்டுவிடவில்லை. கருவியே இரண்டாவது டோக்கனைத் தர மறுக்கிறது. டேட்டாபேஸிலும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

3. நாம் வழக்கமாகச் செய்வது

பெரும்பாலும் நாம் என்ன செய்வோம்? லாட் டேபிளில் "நடப்பா" என்று ஒரு ஃபீல்டு சேர்ப்போம். ஆம் அல்லது இல்லை. பிறகு புரோகிராமில், "ஏற்கெனவே நடப்பில் ஏதாவது லாட் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் இதை நடப்பாக்கு" என்று ஒரு இஃப் போடுவோம். லேபில் தனியாக ஓட்டிப் பார்த்தால் சரியாகவே ஓடும்.

ஆனால் இரண்டு பேர் இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால்?

முதல் ஆள்: நடப்பில் ஏதாவது இருக்கிறதா? இல்லை.
இரண்டாம் ஆள்: நடப்பில் ஏதாவது இருக்கிறதா? இல்லை.
முதல் ஆள்: 41-ஐ நடப்பாக்கு.
இரண்டாம் ஆள்: 42-ஐ நடப்பாக்கு.

இரண்டு பேருடைய புரோகிராமும் சரி. முடிவு தப்பு. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருப்பதுதான் காரணம். இதை "ரேஸ் கண்டிஷன்" என்பார்கள். ஆகவே இஃப் மட்டும் போதாது. காவல் டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்கு மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

4. முதல் வழி: பகுதி யூனிக் இண்டெக்ஸ்

யூனிக் இண்டெக்ஸ் நமக்குத் தெரியும். ரிஜிஸ்டர் நம்பர் இரண்டு பேருக்கு ஒன்றாக இருக்கக் கூடாது என்பதற்குப் போடுவோம். அதையே "இந்த நிபந்தனைக்கு உட்பட்ட ரெக்கார்டுகளுக்கு மட்டும்" என்று சுருக்கிப் போடலாம். இதுதான் பார்ஷியல் இண்டெக்ஸ். (கட்டளைச் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். லேபில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

கிரியேட் யூனிக் இண்டெக்ஸ் ஒரே_லாட்
ஆன் லாட் (ஏல_எண்)
வேர் நிலை = 'நடப்பு';

இதன் பொருள்: நிலை "நடப்பு" என்று இருக்கிற ரெக்கார்டுகளை மட்டும் எடுத்துக்கொள்; அவற்றுக்குள் ஒரே ஏல எண் இரண்டு முறை வரக் கூடாது. முடிந்த லாட், காத்திருக்கிற லாட் எல்லாம் இந்த இண்டெக்ஸுக்குள்ளேயே வராது. எனவே அவை நூறு இருந்தாலும் தடை இல்லை.

இனி மேலே சொன்ன இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தட்டும். போஸ்ட்கிரஸ் மாதிரியான டேட்டாபேஸில் இரண்டாம் ஆள் காத்திருக்க வேண்டியிருக்கும். முதல் ஆளின் வேலை கமிட் ஆனதும் இரண்டாம் ஆளுக்கு எரர் வரும். டோக்கன் வெளியே போய்விட்டது, அவ்வளவுதான்.

எந்தச் சாஃப்ட்வேரில் இது கிடைக்கும்? போஸ்ட்கிரஸில் உண்டு. எஸ்.க்யூ.எல். சர்வரில் 2008 பதிப்பு முதல் "ஃபில்டர்டு இண்டெக்ஸ்" என்ற பெயரில் உண்டு. எஸ்.க்யூ.லைட்டில் 2013-இல் வந்த 3.8.0 பதிப்பு முதல் உண்டு. மை எஸ்.க்யூ.எல்.-இல் "வேர்" போட்டு இண்டெக்ஸ் உண்டாக்க முடியாது. அதற்கு ஒரு உபாயம் இருக்கிறது. 5.7 பதிப்பு முதல் "ஜெனரேட்டட்" ஃபீல்டு வைக்கலாம். நிலை "நடப்பு" என்றால் அந்த ஃபீல்டில் ஏல எண் வரட்டும். மற்ற நேரத்தில் நல் வரட்டும். அந்த ஃபீல்டின் மேல் யூனிக் போடுங்கள். மை எஸ்.க்யூ.எல்.-இன் யூனிக்கில் நல் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். ஆனால் எஸ்.க்யூ.எல். சர்வரில் சாதாரண யூனிக் ஒரே ஒரு நல்லைத்தான் அனுமதிக்கும். ஆகவே இந்த உபாயத்தை அங்கே அப்படியே கொண்டுபோகாதீர்கள். ஃபில்டர்டு இண்டெக்ஸே போட்டுவிடுங்கள்.

மாற்றும்போது வரிசை முக்கியம். 41-ஐ முடித்துவிட்டு 42-ஐத் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் இருக்க வேண்டும். முதலில் 42-ஐத் திறக்கப் போனால் இண்டெக்ஸ் உடனே மறுத்துவிடும். டிரான்ஸாக்ஷன் போடாமல் 41-ஐ மூடிய கையோடு கரண்ட் போய்விட்டால் நடப்பில் எதுவுமே இல்லாமல் நிற்கும்.

5. இரண்டாம் வழி: சுட்டிக் காட்டுவது

இதில் லாட் டேபிளில் "நடப்பு" என்ற ஃபீல்டே வேண்டாம். ஏலம் என்ற மேல் டேபிளில் "நடப்பு_லாட்" என்று ஒரு ஃபீல்டு வையுங்கள். ஏலம் ஒன்றுக்கு ஒரு வரி. அந்த வரியில் ஒரு கட்டம். கட்டத்தில் ஒரு எண்தான் இருக்க முடியும். அப்படியானால் இரண்டு நடப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. மாற்றுவதற்கும் ஒரே ஒரு அப்டேட் போதும்.

ஒரு ஓட்டை உண்டு. 7-ஆம் ஏலத்தின் வரியில், 8-ஆம் ஏலத்தைச் சேர்ந்த லாட் எண்ணை யாராவது போட்டுவிடலாம். இதை அடைக்க, லாட் டேபிளின் பிரைமரி கீயை (ஏல_எண், லாட்_எண்) என்று இரண்டு ஃபீல்டாக வைத்து, ஏலம் டேபிளிலிருந்து (ஏல_எண், நடப்பு_லாட்) என்ற ஜோடியை ஃபாரின் கீயாகக் கட்ட வேண்டும். அப்போது அந்தந்த ஏலத்து லாட்டைத்தான் சுட்ட முடியும்.

6. "அதிகபட்சம் ஒன்று", "கண்டிப்பாக ஒன்று"

இவை இரண்டும் வேறு வேறு. டிசைன் தொடங்குமுன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் எந்த லாட்டும் நடப்பில் இருக்காது. அது சரிதான். இரவில் ரயில் எதுவும் இல்லாமல் தண்டவாளம் காலியாக இருக்கலாம். இவை "அதிகபட்சம் ஒன்று". ஆனால் ஒரு கல்லூரிக்கு முதல்வர் இல்லாமல் ஒரு நாளும் இருக்கக் கூடாது. அவர் விடுப்பில் போனால்கூட "பொறுப்பு முதல்வர்" என்று ஒருவரைப் போட்டுவிடுகிறார்கள். அது "கண்டிப்பாக ஒன்று".

பகுதி யூனிக் இண்டெக்ஸ் "அதிகபட்சம் ஒன்று" என்பதை மட்டுமே காக்கும். எதுவுமே நடப்பில் இல்லாவிட்டால் அது வாய் திறக்காது. "கண்டிப்பாக ஒன்று" வேண்டுமென்றால் சுட்டி முறையில் அந்த ஃபீல்டுக்கு "நாட் நல்" போட வேண்டும். அப்போது கோழி முந்தியா, முட்டை முந்தியா என்று ஒரு சிக்கல் வரும்: கல்லூரி ரெக்கார்டு இல்லாமல் முதல்வர் ரெக்கார்டு போட முடியாது; முதல்வர் இல்லாமல் கல்லூரி ரெக்கார்டு போட முடியாது. ஃபாரின் கீயை "டிஃபரபிள்" என்று அறிவித்து, சோதனையைக் கமிட் வரை தள்ளிவைத்தால் இது தீரும்.

7. எதற்குள் ஒன்று?

"ஒன்று" என்று சொன்னால் போதாது. எந்த எல்லைக்குள் ஒன்று என்றும் சொல்ல வேண்டும். 2021-இல் நறுமணப் பொருள் வாரியம் கிளவுட் முறை ஏலத்தைக் கொண்டுவந்தது. போடியில் உட்கார்ந்தவரும் புத்தடியில் உட்கார்ந்தவரும் ஒரே ஏலத்தில் விலை கேட்க வழி ஏற்பட்டது. ஒருவர் தன் டேபிளில் "ஒரு மையத்துக்கு ஒரு நடப்பு லாட்" என்று இண்டெக்ஸ் போட்டிருந்தால், இந்த மாற்றத்துக்குப் பிறகு அது தப்பாகிவிடும். இரண்டு மையத்தில் இரண்டு லாட் திறந்துகொள்ளும். "ஒரு ஏலத்துக்கு ஒன்று" என்று போட்டிருந்தால் எந்த மாற்றமும் தேவையில்லை.

சட்டத்திலும் இந்த எல்லைக் கணக்கு உண்டு. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் வாக்காளராகப் பதிவாகக் கூடாது என்கிறது. 18-ஆவது பிரிவு, ஒரே தொகுதிக்குள் இரண்டு முறை பதிவாகக் கூடாது என்கிறது. மலை மேலே பாதி வருஷம், கீழே பாதி வருஷம் என்று இருக்கிற நம் பகுதிக் குடும்பங்களுக்கு 17-ஆவது பிரிவு முக்கியமானது. இந்த இரண்டு பிரிவையும் இண்டெக்ஸாக எழுதினால் எல்லை வேறு வேறாக வரும் என்பதைக் கவனியுங்கள்.

8. எங்கம்மாவின் பாஸ் புக்

மூன்றாம் வழிக்குப் போவதற்கு முன் ஒரு நடந்த விஷயம். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். எங்கம்மா காய் எடுப்புக் காலத்தில் விடியற்காலை ஜீப்பில் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே தோட்ட வேலைக்குப் போவார். மேலே வேலை இல்லாத நாளில் ஊரில் நூறு நாள் வேலை. அந்தத் திட்டத்தின் கூலியை 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியாகத்தான் தர வேண்டும் என்று மத்திய அரசு கட்டாயமாக்கியது. ஆதார் வழி என்றால் கணக்கு எண்ணைப் பார்த்துப் பணம் போகாது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் (என்.பி.சி.ஐ.) வைத்திருக்கிற "மேப்பர்" என்ற பட்டியலில் அந்த ஆதார் எண்ணுக்கு எந்த வங்கி நடப்பில் இருக்கிறதோ, அங்கே போகும். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியாக எந்த வங்கி இணைத்ததோ அதுவே நடப்பு, முந்தையது விலகிக்கொள்ளும்.

எங்கம்மாவுக்கு இரண்டு கணக்கு. பழையது ஒரு வங்கியில். இன்னொன்று, மகளிர் குழுக் கடனுக்காக வேறொரு வங்கியில் ஆரம்பித்தது. அப்போது ஆதார் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு ஃபாரத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள். இணைப்பு அங்கே மாறிவிட்டது. அதை யாரும் எங்கம்மாவிடம் சொல்லவில்லை. அவர் பழைய பாஸ் புக்கை எடுத்துக்கொண்டு மூன்று தடவை வங்கிக்குப் போனார். "ஒண்ணும் வரலம்மா" என்ற பதில்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு. "எனக்குக் கூலி போடாம விட்டுட்டாங்க போலடா" என்று சொன்னார்.

ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்க்க வசதி உண்டு. பிரவுசிங் சென்டரில் அதைத் திறந்து பார்த்தேன். நடப்பில் இருந்தது குழுக் கடன் வங்கி. அடுத்த நாள் அங்கே போய் என்ட்ரி போட்டோம். கூலி மொத்தமும் வரிசையாக வந்திருந்தது. ஒரு ரூபாய் குறையவில்லை.

கம்ப்யூட்டர் கணக்குப்படி எல்லாம் சரி: ஒரே ஒரு ரெக்கார்டு நடப்பில் இருந்தது, பணமும் அங்கேதான் போனது. ஆனால் அந்த ரெக்கார்டுக்குச் சொந்தக்காரருக்கு எது நடப்பு என்று தெரியவில்லை. ஆகவே "ஒன்றே நடப்பு" என்று டிசைன் செய்பவர் இன்னும் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று, நடப்பு மாறும்போது சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், அதுவும் அவருக்குப் புரிகிற மொழியில். இரண்டு, எப்போது மாறியது என்ற தகவலை வைத்திருக்க வேண்டும்.

9. மூன்றாம் வழி: தேதி

அந்த இரண்டாவது வேலைக்குத்தான் தேதி முறை. ஆம், இல்லை என்று வைப்பதற்குப் பதிலாக "முதல்_தேதி", "முடிவு_தேதி" என்று இரண்டு ஃபீல்டு வையுங்கள். முடிவுத் தேதி நல்லாக இருக்கிற ரெக்கார்டே நடப்பு.

கிரியேட் யூனிக் இண்டெக்ஸ் ஒரே_வங்கி
ஆன் இணைப்பு (ஆள்_எண்)
வேர் முடிவு_தேதி ஈஸ் நல்;

மாற்றும்போது பழையதற்கு முடிவுத் தேதி போட்டுவிட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டும். எதையும் அழிப்பதில்லை. "போன பிப்ரவரியில் எந்த வங்கி நடப்பில் இருந்தது?" என்று ஒருவர் கவுண்டரில் வந்து கேட்டால் உடனே பதில் சொல்லலாம். சுட்டி முறையில் பழையது அடிபட்டுப் போய்விடுவதால் இந்தப் பதில் கிடைக்காது. அதற்குத் தனியாக ஒரு வரலாற்று டேபிள் வைக்க வேண்டும்.

இங்கேயும் ஒரு ஓட்டை உண்டு. முடிந்துபோன இரண்டு ரெக்கார்டின் தேதிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளலாம். மேலே உள்ள இண்டெக்ஸ் அதைப் பார்க்காது. போஸ்ட்கிரஸில் "எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட்" போட்டால் தேதி எல்லைகள் மேலேறுவதையும் தடுக்கலாம்.

10. எதை எடுப்பது?

நடப்பு எது என்று மட்டும் தெரிந்தால் போதும், அடிக்கடி மாறும் என்றால் சுட்டி முறை. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் காத்திருப்பு, நடப்பு, முடிந்தது என்று பல நிலை உண்டு என்றால் பகுதி யூனிக் இண்டெக்ஸ். பணம், உரிமை, பதவி மாதிரிப் பின்னால் யாராவது கணக்குக் கேட்கக்கூடிய விஷயம் என்றால் தேதி முறை. எதை எடுத்தாலும் புரோகிராமில் இஃப் இருக்கட்டும். பயன்படுத்துபவருக்கு நல்ல தமிழில் பிழைச் செய்தி காட்ட அது உதவும். ஆனால் காவல் டேட்டாபேஸிடம் இருக்கட்டும்.

செய்து பார்க்க:

(1) நம் விடுதி அறைக்கு ஒரு மாணவர் பொறுப்பாளர். அவர் ஊருக்குப் போனால் இன்னொருவர். இது அதிகபட்சம் ஒன்றா, கண்டிப்பாக ஒன்றா? டேபிள் போடுக.

(2) ஒரு ஜீப்புக்கு ஒரு நேரத்தில் ஒரு டிரைவர். ஒரு டிரைவருக்கு ஒரு நேரத்தில் ஒரு ஜீப். எத்தனை இண்டெக்ஸ் வேண்டும்? (விடை: இரண்டு. ஏன் என்று யோசிக்கவும்.)

(3) லேபில் இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு நண்பர்கள் உட்கார்ந்து, இண்டெக்ஸ் இல்லாமல் ஒரு தடவை, இண்டெக்ஸ் போட்டு ஒரு தடவை ஒரே நேரத்தில் அடித்துப் பார்க்கவும்.

இதோடு வீட்டுப் பாடம் ஒன்றும் தருகிறேன். உங்கள் வீட்டில் அம்மா, அப்பா, பாட்டி யாருக்காவது இரண்டு வங்கிக் கணக்கு இருந்தால், ஆதாரில் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பாஸ் புக்கின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். நாம் படித்த படிப்பில் இதையாவது முதலில் செய்வோம்.